மூன்று லட்சம் கற்களும் ஒரு நாடும்: கம்போடியத் திருப்பணியின் கதை



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். சாயங்கால பூஜை முடிந்து வீட்டுக்குப் போனதும் நிதானமா வாசிங்க.

கடந்த பள்ளி விடுமுறையில் நம்ம கோயில் உழவாரக் குழுவைச் சேர்ந்த நாங்கள் 24 பேர் கம்போடியா போய் வந்தது உங்களுக்குத் தெரியும். அங்கோர் வாட் படங்களைப் பார்த்துவிட்டு, "அதைப் பத்தி விரிவா எழுதுங்க"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. எழுதலாம்னு உட்கார்ந்தோம். ஆனா மனசு வேறொரு கோயிலையே சுத்திச் சுத்தி வந்தது. அதன் பெயர் பாபுவான்.

அங்கோர் தோம் நகரத்துக்குள் இருக்கும் சிவன் கோயில் அது. 11ஆம் நூற்றாண்டின் நடுவில் இரண்டாம் உதயாதித்யவர்மன் காலத்தில் எழுந்தது. மலை மாதிரி அடுக்கடுக்காக உயரும் கட்டடம். உள்ளே மணலை நிரப்பி, வெளியே கல்லை அடுக்கியிருந்தார்கள். பல நூறு வருஷ மழையில் உள்ளே இருந்த மணல் ஊறி, சுவர்கள் வெளியே சரியத் தொடங்கின. 1960 வாக்கில் அங்கே பணியாற்றிய பிரெஞ்சுத் தொல்லியல் அறிஞர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கோயிலைக் கல் கல்லாகப் பிரிப்பது, உள்ளே வலுவான கான்கிரீட் சுவர் எழுப்புவது, பிறகு அதே கற்களை அதே இடத்தில் அடுக்குவது. மொத்தம் சுமார் 3 லட்சம் கற்கள். எது எங்கே இருந்தது என்று குறித்து வைத்துக்கொண்டு, கற்களைச் சுற்றியிருந்த காட்டுக்குள் பரப்பி வைத்தார்கள்.

பாதி வேலையில் உள்நாட்டுப் போர் வந்தது. 1970களின் தொடக்கத்தில் பணி நின்றது. 1975ல் கெமர் ரூஜ் இயக்கம் தலைநகர் புனோம் பென்னைப் பிடித்தது. அந்தக் குழப்பத்தில் எந்தக் கல் எங்கே என்று எழுதி வைத்த ஆவணங்கள் அழிந்துபோயின. கற்கள் காட்டில் கிடந்தன. குறிப்பு இல்லை. திருப்பணிக்காக விமானத்தைப் பிரித்து வைத்துவிட்டு, ஸ்தபதியின் வரைபடமும் தொலைந்து, ஸ்தபதியும் ஊரில் இல்லை என்றால் எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

1995ல் பணி மறுபடி தொடங்கியது. பாரிஸில் தப்பியிருந்த பழைய புகைப்படங்கள், அந்தக் காலத்தில் அங்கே வேலை பார்த்த கம்போடியத் தொழிலாளர்களின் ஞாபகம், பொறுமை. இவற்றை வைத்துத்தான் ஒவ்வொரு கல்லுக்கும் இடம் கண்டுபிடித்தார்கள். இந்தக் கோயிலில் சாந்து பூசி ஒட்டவில்லை. ஒரு கல்லின் முகம் பக்கத்துக் கல்லின் முகத்தோடு பொருந்தினால்தான் நிற்கும். 2011 ஜூலையில் பணி முடிந்து, மன்னர் சிஹாமோனி முன்னிலையில் திறப்பு விழா நடந்தது. தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ 50 வருஷம்.

இதைக் கேட்டுக்கொண்டே நின்ற எங்கள் குழுவின் மூத்த அம்மா ஒருவர், மேலே ஏற முடியாமல் படிக்கட்டில் உட்கார்ந்தபடி கேட்டார்: "கல்லையெல்லாம் சேர்த்துட்டாங்க, சரி. மனுஷங்களைச் சேர்த்தாங்களாய்யா?"

வழிகாட்டித் தம்பி சிரித்தார். பதில் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பியதும் நாங்கள் கிடைத்ததையெல்லாம் வாசித்தோம். அந்த அம்மாவின் கேள்விக்கு எங்களுக்குத் தெரிந்த பதில்தான் இந்தப் பதிவு.

முதலில் கொடியைப் பாருங்க. 1970ல் லோன் நோல் என்ற தளபதி, சிஹானூக்கின் ஆட்சியைக் கவிழ்த்துக் குடியரசு அறிவித்தார். அவர் கொடியில் அங்கோர் வாட். 1975ல் அவரைத் தோற்கடித்த கெமர் ரூஜ் கொடியிலும் அங்கோர் வாட். 1979ல் கெமர் ரூஜை விரட்டிவிட்டு வியட்நாம் படைகளின் துணையோடு வந்த அரசின் கொடியிலும் அங்கோர் வாட். இப்போதைய முடியாட்சிக் கொடியிலும் அதேதான். ஒருவரை ஒருவர் கொன்று குவித்த எல்லாத் தரப்பும் ஒரே கோயிலைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றது. கோயில் பொது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதில்தான் சண்டை. இது நமக்குப் புதுசா என்ன?

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறோம். கோயில் நிர்வாகச் சண்டையையும் ஒரு நாட்டின் உள்நாட்டுப் போரையும் தராசில் வைக்க முடியாது. கெமர் ரூஜ் ஆண்ட நான்கு வருஷத்துக்கும் குறைவான காலத்தில் மட்டும் 15 லட்சம் முதல் 20 லட்சம் பேர் வரை பசியாலும் நோயாலும் கொலையாலும் மாண்டார்கள் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். துவோல் ஸ்லெங் என்ற பள்ளிக்கூடத்தைச் சிறையாக்கி, அங்கே கொண்டுபோனவர்களைச் சித்திரவதை செய்தார்கள். இப்போது அது அருங்காட்சியகம். அங்கே சுவரில் இருக்கும் முகங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்த எங்களில் யாரும் அன்று மதியம் சாப்பிடவில்லை. அந்த வலியை நம்ம சின்னச் சண்டைக்கு உவமையாக்க நாங்கள் வரவில்லை. சண்டை முடிந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் அவர்களிடமிருந்து கற்க முயல்கிறோம்.

1979க்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. புனோம் பென்னில் வியட்நாம் ஆதரவு அரசு. தாய்லாந்து எல்லையில் மூன்று எதிரணிகள்: சிஹானூக்கின் ஃபுன்சின்பெக், சோன் சான் தலைமையிலான குழு, தோற்று ஓடிய கெமர் ரூஜ். இந்த மூன்றையும் ஒரே அணியாகச் சேர்க்கும் பேச்சு 1981 செப்டம்பரில் சிங்கப்பூரில் நடந்தது. கூட்டணி ஒப்பந்தம் 1982 ஜூனில் நம்ம கோலாலம்பூரில் கையெழுத்தானது. ஆம், நம்ம ஊரில்தான். அந்தக் கூட்டணிதான் ஐ.நா. சபையில் கம்போடியாவின் இருக்கையில் தொடர்ந்து உட்கார்ந்தது. புனோம் பென் அரசை உலகத்தில் பெரும்பாலான நாடுகள் ஏற்கவில்லை. இந்தியா 1980லேயே அங்கீகரித்தது. இந்தியத் தொல்லியல் துறை 1986 முதல் 1993 வரை அங்கோர் வாட்டில் பராமரிப்புப் பணி செய்தது. வெளியே இன்னும் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

1989ல் வியட்நாம் படைகள் வெளியேறின. 1991 அக்டோபர் 23ஆம் தேதி பாரிஸில் அமைதி ஒப்பந்தம். நான்கு கம்போடியத் தரப்புகளும் கையெழுத்துப் போட்டன. மலேசியா, சிங்கப்பூர் உட்பட 18 நாடுகளும் போட்டன. சண்டையை நிறுத்துவது, எல்லாத் தரப்பும் தங்கள் படையில் 70 சதவீதத்தைக் கலைப்பது, அகதிகளை வீடு திரும்பச் செய்வது, ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் நடத்துவது. இதுதான் திட்டம்.

இங்கே நம்ம ஆட்களுக்குப் புரியும்படி ஒரு விஷயத்தைச் சொல்லலாம். திருப்பணி தொடங்குவதற்கு முன்னால் நாம் பாலாலயம் செய்கிறோம். கலாகர்ஷணம் செய்து மூலவரின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றி, தற்காலிக இடத்தில் எழுந்தருளச் செய்கிறோம். அப்புறம்தான் பழைய சன்னதியில் உளி வைக்க முடியும். வேலை முடிந்ததும் கும்பாபிஷேகத்தில் சக்தி திரும்பவும் கருவறைக்குப் போகிறது. நடுவில் இருக்கும் பாலாலயம் யாருக்கும் சொந்தமில்லை. அதனால்தான் வேலை நடக்கிறது.

கம்போடியாவுக்கும் ஒரு பாலாலயம் அமைத்தார்கள். அன்டாக் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஐ.நா. இடைக்கால நிர்வாகம். 1992 மார்ச் முதல் 1993 செப்டம்பர் வரை இருந்தது. சுமார் 22,000 பேர். செலவு ஏறத்தாழ 160 கோடி அமெரிக்க டாலர். ஜப்பானியரான யாசுஷி அகாஷி தலைவர். மலேசியாவிலிருந்து படைவீரர்களும், சிங்கப்பூரிலிருந்து போலீஸ்காரர்களும் போனார்கள். வெளியுறவு, பாதுகாப்பு, நிதி, பொதுப் பாதுகாப்பு, தகவல் ஆகிய ஐந்து துறைகளை அன்டாக் நேரடியாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னது. தேர்தலில் எந்தத் தரப்பும் அரசாங்க அதிகாரத்தைத் தன் பக்கம் சாய்க்கக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

காகிதத்தில் அதிகாரம் மாறியது. நிஜத்தில் மாறவில்லை. மாகாண ஆளுநர்கள், போலீஸ், நீதிபதிகள், கிராமத் தலைவர்கள் எல்லாரும் பழைய அரசின் ஆட்கள். அந்த அரசின் பிரதமர் ஹுன் சென், கட்சி கம்போடிய மக்கள் கட்சி. மொழி தெரியாத வெளிநாட்டு அதிகாரி மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். உண்மையான உத்தரவு அந்த மேசைக்கு வராமலேயே வேறு வழியாகப் போகும். பாலாலயம் கட்டிவிட்டார்கள். கலாகர்ஷணம் நடக்கவில்லை.

மறுபக்கம் கெமர் ரூஜ். 1992 மே மாதக் கடைசியில் அகாஷியும் ஐ.நா. படைத் தளபதி சாண்டர்சனும், கெமர் ரூஜ் வசமிருந்த பைலின் பகுதிக்குள் போகப் பார்த்தார்கள். சாலையில் குறுக்கே ஒரு மூங்கில் கம்பு. காவலுக்குச் சில இளைஞர்கள். வழி விடவில்லை. 22,000 பேருக்குத் தலைவர் அந்த மூங்கிலைத் தாண்டாமல் திரும்பிப் போனார். கெமர் ரூஜ் ஆயுதத்தைக் கீழே வைக்கவில்லை. அவர்கள் வைக்காததால் மற்றவர்களும் வைக்கவில்லை. படைக் கலைப்பு அதோடு நின்றது.

இவ்வளவுக்கும் நடுவில் சாதாரண ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இதைத்தான் எல்லாரும் வாசிக்கணும்.

எல்லை முகாம்களில் பத்து வருஷத்துக்கு மேல் கிடந்த 3,60,000க்கும் அதிகமான அகதிகள், கண்ணிவெடி புதைந்த மண்ணுக்குத் திரும்பி வந்தார்கள். மகா கோசானந்தர் என்ற மூத்த பௌத்தத் துறவி 1992ல் தாய்லாந்து எல்லையிலிருந்து புனோம் பென்னுக்கு அமைதி நடைப்பயணம் நடத்தினார். 1993ல் தேர்தலுக்கு முன்னால் சியாம் ரீப்பிலிருந்து மறுபடி நடந்தார். சண்டை நடந்துகொண்டிருந்த பகுதிகள் வழியாகவே அந்தப் பயணம் போனது. கிராமத்து மக்கள் சாலையோரம் தண்ணீரோடு காத்திருந்து, துறவிகளின் ஆசியை வாங்கிக்கொண்டார்கள்.

1993 மே 23 முதல் 28 வரை வாக்குப்பதிவு. கெமர் ரூஜ் தேர்தலைப் புறக்கணித்து, தாக்குவோம் என்று மிரட்டியது. ஆனால் பதிவு செய்த வாக்காளர்களில் கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர் வந்து ஓட்டுப் போட்டார்கள். 40 லட்சத்துக்கும் மேல். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற ஜனங்கள் அவர்கள். நம்ம ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குக் கோரம் சேர எத்தனை தடவை போன் போட வேண்டியிருக்குன்னு யோசிச்சுப் பாருங்க.

முடிவு வந்தது. மொத்தம் 120 இடங்கள். சிஹானூக்கின் மகன் ரணரித் தலைமையிலான ஃபுன்சின்பெக்குக்கு 58. ஹுன் சென் கட்சிக்கு 51. சோன் சான் கட்சிக்கு 10. மற்றொரு சின்னக் கட்சிக்கு 1.

தோற்ற கட்சி தோல்வியை ஏற்கவில்லை. மோசடி என்றது. ஜூன் மாதம் சிஹானூக்கின் இன்னொரு மகன் சக்ரபோங், ஹுன் சென் அரசில் துணைப் பிரதமராக இருந்தவர், கிழக்கு மாகாணங்கள் தனியாகப் பிரிந்து போவதாக அறிவித்தார். ஒரே தகப்பனின் இரண்டு பிள்ளைகள், எதிரெதிர் அணி. சில நாளில் அந்தப் பிரிவினை அடங்கியது. ஆனால் அது செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிட்டது. ஓட்டு உங்களிடம் இருக்கலாம், துப்பாக்கி எங்களிடம் இருக்கிறது என்ற செய்தி எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது.

சமரசம் பேசினார்கள். முதல் பிரதமர் ரணரித். இரண்டாம் பிரதமர் ஹுன் சென். ஒரே நாட்டுக்கு இரண்டு பிரதமர்கள்! உள்துறைக்கு இரண்டு அமைச்சர்கள், பாதுகாப்புத் துறைக்கு இரண்டு அமைச்சர்கள். 1993 செப்டம்பர் 24ல் புதிய அரசியல் சாசனம் வந்தது. சிஹானூக் மறுபடி மன்னரானார். ஆட்சி அமைக்க நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று விதி வைத்தார்கள். யாரும் தனியாக ஆள முடியாது, சேர்ந்துதான் ஆகணும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான்.

ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து ஆளவில்லை. அமைச்சுகளைப் பங்கு போட்டார்கள். பதவிகளைப் பங்கு போட்டார்கள். தங்கள் தங்கள் ஆட்களைத் திணித்தார்கள். இதில் ஒரு பக்கம் மட்டும் குற்றவாளி என்று நாங்கள் சொல்ல மாட்டோம். இரண்டு பிரதமர்களும் தனித்தனிப் படையைப் பலப்படுத்தினார்கள். காட்டில் இருந்த கெமர் ரூஜ் தளபதிகளைத் தங்கள் பக்கம் இழுக்கவும் போட்டி போட்டார்கள். கெமர் ரூஜின் பெரிய தலைவர்களில் ஒருவரான ஐயெங் சாரி 1996ல் சரணடைந்தார். அவருக்கு அரச மன்னிப்புக் கிடைத்தது. கைதியாக நிறுத்தப்பட வேண்டியவர், யார் பக்கம் சேருவார் என்று பேரம் பேசப்படும் ஆளாகிவிட்டார்.

1997 மார்ச் 30. நாடாளுமன்றத்துக்கு எதிரே எதிர்க்கட்சித் தலைவர் சாம் ரைன்சி நடத்திய ஊர்வலத்தின் மீது கையெறி குண்டுகள் வீசப்பட்டன. குறைந்தது 16 பேர் செத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயம். ஜூலை 5, 6 தேதிகளில் இரண்டு பிரதமர்களின் படைகளும் தலைநகரத் தெருவிலேயே மோதின. ஹுன் சென் தரப்பு ஜெயித்தது. ரணரித் வெளிநாட்டில் இருந்தார். அவர் தரப்புத் தளபதிகள் சிலர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அந்த மாதம்தான் கம்போடியா ஆசியானில் சேருவதாக இருந்தது. ஆசியான் வெளியுறவு அமைச்சர்கள் ஜூலை 10ஆம் தேதி அவசரமாகக் கோலாலம்பூரில் கூடி, கம்போடியாவின் சேர்க்கையை ஒத்திவைத்தார்கள். லாவோஸும் மியன்மாரும் சேர்ந்தன, கம்போடியா வாசலில் நின்றது. 1982ல் நம்ம ஊரில் கூட்டணிக்குக் கையெழுத்துப் போட்டார்கள். 15 வருஷம் கழித்து நம்ம ஊரிலேயே கதவு மூடப்பட்டது. 1998ல் இன்னொரு தேர்தல், இன்னொரு சமரசம் எல்லாம் முடிந்து, 1999 ஏப்ரல் 30ல்தான் அவர்கள் ஆசியானுக்குள் வந்தார்கள்.

கெமர் ரூஜ் என்ன ஆயிற்று? 1998 ஏப்ரலில் போல் போட் காட்டில் இறந்தார். எந்தச் சட்ட நீதிமன்றமும் அவரைக் கூண்டில் நிறுத்தவில்லை. அதே வருஷம் டிசம்பரில் அந்த இயக்கத்தின் கடைசிப் பெரிய படைப்பிரிவின் சரணடைவு பேசி முடிக்கப்பட்டது. எங்கே தெரியுமா? தாய்லாந்து எல்லையில் மலை உச்சியில் இருக்கும் பிரேயா விகார் என்ற சிவன் கோயிலில். சிகரேஸ்வரர் என்ற பெயரில் ஈசன் கோயில்கொண்ட இடம் அது. அதைப் படித்தபோது எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது.

அதே மாதக் கடைசியில் நுவோன் சியா, கியூ சம்பான் என்ற இரண்டு மூத்த தலைவர்கள் சரணடைந்தார்கள். குழி வெட்டிப் பழையதைப் புதைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவோம் என்ற பொருளில் ஹுன் சென் பேசினார். போரை நிறுத்த இதுதான் வழி என்பது அவர் வாதம். அது வெறும் சாக்கு என்று ஒதுக்கவும் முடியாது. ஐ.நா. செய்ய முடியாததை அவர் செய்தார். துப்பாக்கிச் சத்தம் உண்மையிலேயே நின்றது. கிட்டத்தட்ட 30 வருஷத்துக்குப் பிறகு ஒரு தலைமுறை போர் தெரியாமல் வளர்ந்தது. நாங்கள் இன்று சியாம் ரீப்பில் நிம்மதியாகச் சுற்ற முடிவதற்கும், பாபுவானில் கல் அடுக்க முடிந்ததற்கும் அந்த அமைதிதான் காரணம்.

ஆனால் குழியில் ஏற்கனவே ஜனங்களின் அப்பா அம்மா இருக்கிறார்கள். பழசைப் புதை என்றால் அவர்களையும் மறந்துவிடு என்றல்லவா ஆகிறது? பல வருஷ இழுபறிக்குப் பின் 2003ல் ஐ.நா.வும் கம்போடியாவும் ஒரு சிறப்பு நீதிமன்றத்துக்கு உடன்பட்டன. துவோல் ஸ்லெங் சிறைத் தலைவர் டூச்சுக்கு 2010ல் தண்டனை. நுவோன் சியாவுக்கும் கியூ சம்பானுக்கும் 2014ல் ஆயுள் தண்டனை. 2018ல் இனப்படுகொலைத் தீர்ப்பு. ஐயெங் சாரி விசாரணை முடியும் முன்பே 2013ல் இறந்தார். கடைசி மேல்முறையீட்டுத் தீர்ப்பு 2022ல் வந்தது. இத்தனை வருஷத்தில் தண்டனை பெற்றவர்கள் மொத்தம் 3 பேர். குறைவுதான். ஆனாலும் உயிர் தப்பியவர்கள் நீதிபதி முன் நின்று, எனக்கு இது நடந்தது என்று சொல்ல ஒரு இடம் கிடைத்தது. அது பதிவாகியிருக்கிறது. இனி யாரும் அந்த ஆவணத்தை இல்லை என்று சொல்ல முடியாது.

அரசியலில்? 2003 தேர்தலில் ஹுன் சென் கட்சி ஜெயித்தும் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. ஆட்சி அமைக்க ஏறத்தாழ ஒரு வருஷம் பிடித்தது. 2006ல் அந்த விதியையே மாற்றி, சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று ஆக்கினார்கள். சேர்ந்து ஆள வேண்டிய கட்டாயம் அதோடு போனது. 2013ல் எதிர்க்கட்சி 123ல் 55 இடங்கள் பிடித்து நெருங்கி வந்தது. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்சியையே கலைத்தது. 2018ல் நாடாளுமன்றத்தின் 125 இடங்களும் ஒரே கட்சிக்கு. 2023ல் ஹுன் சென் விலகி, அவர் மகன் ஹுன் மானெட் பிரதமரானார். 1993ல் 58 இடங்கள் ஜெயித்த ஃபுன்சின்பெக்குக்கு 2023ல் கிடைத்தது 5.

ஆக, அம்மா, உங்கள் கேள்விக்கு எங்கள் பதில் இதுதான். சண்டையை நிறுத்தினார்கள். வீடு கட்டினார்கள், சாலை போட்டார்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். அது பெரிய விஷயம். ஆனால் தோற்றவனும் மரியாதையோடு உள்ளே இருக்கலாம் என்ற நம்பிக்கையை மட்டும் யாரும் கட்டவில்லை. அது இல்லாததால், தோற்றால் எல்லாம் போச்சு என்று ஒவ்வொருவரும் பயந்தார்கள். பயந்தவன் சாவியை விடமாட்டான். 1993ல் ஜனங்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள். தலைவர்கள்தான் பங்கு பிரிப்பதையே ஒற்றுமை என்று நினைத்துவிட்டார்கள்.

பாபுவானில் இன்னொன்றும் பார்த்தோம். மேற்குப் பக்கச் சுவரில் சுமார் 70 மீட்டர் நீளத்துக்குப் படுத்த நிலையில் ஒரு புத்தர். சிவன் கோயில் கட்டி 400, 500 வருஷம் கழித்து, மேலே இருந்த கோபுரத்தின் கற்களை எடுத்துச் செய்தது. திருப்பணிக் குழுவுக்கு ஒரு கேள்வி வந்திருக்கும். பழைய கோபுரம் வேண்டும் என்றால் புத்தரைக் கலைக்கணும். அவர்கள் கலைக்கவில்லை. கோபுரம் இல்லாத சிவன் கோயிலும் புத்தரும் ஒரே கட்டடத்தில் இருக்கட்டும் என்று விட்டார்கள். நடந்ததை மறைக்காமல், நடந்தவற்றில் எதையும் தூக்கி எறியாமல் முடித்தார்கள். சைவர்களான எங்களுக்கு முதலில் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. படியில் உட்கார்ந்து பார்க்கப் பார்க்க, அதுதான் சரி என்று பட்டது.

இப்ப நம்ம விஷயம். கடந்த மூன்று வருஷமா நம்ம கோயிலில் இரண்டு அணி. எல்லாருக்கும் தெரியும். வழக்கறிஞர் கடிதம் வரைக்கும் போனது. அன்னதானக் கூடத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்கள் தனித்தனியா பசியாறினோம். இதை எழுதும் எங்களிலேயே இரண்டு அணியைச் சேர்ந்தவர்களும் இருக்கிறோம். இப்போது சமாதானம் பேசி, அடுத்த மாதம் ஆண்டுப் பொதுக்கூட்டமும் செயலவைத் தேர்தலும் வைக்க முடிவாகியிருக்கிறது. "இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர் போட்டுட்டா பிரச்சினை முடிஞ்சது"ன்னு சிலர் சொல்றாங்க. இரண்டு பிரதமர் கதையை வாசித்த பிறகு எங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை.

அதனால் நாங்கள் கேட்பது மூணே மூணு. கூட்டத்துக்கு முன்னால் கணக்குப் புத்தகம், நகைப் பட்டியல், சாவி மூன்றையும் இரண்டு அணியிலும் சேராத மூத்தவர்களிடம் நிஜமாகவே ஒப்படைக்கணும், பேருக்கு இல்லை. நடந்தது என்ன என்று இரண்டு தரப்பும் சொல்லி, அது குறிப்பேட்டில் எழுதப்படணும். யார் தோற்றாலும் மறுநாள் காலை அவர் வழக்கமாகச் செய்யும் தொண்டு அவருக்கே இருக்கணும். பூ கட்டுகிறவர் பூ கட்டட்டும். மணி அடிக்கிறவர் அடிக்கட்டும்.

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் போன வாரம் வாசித்துக் காட்டினோம். முழுசும் கேட்டுவிட்டு, "தேர்தல்ல நான் யாருக்குப் போடுவேன்னு கேக்காதீங்க. ஜெயிச்சவங்க முதல்ல தோத்தவங்க வீட்டுக்குப் பிரசாதம் கொண்டு போகட்டும்" என்றார்.

கூட்டத்துக்குக் கட்டாயம் வாங்க. உறுப்பினர் சந்தா பாக்கி இருந்தால் இந்த வாரமே அலுவலகத்தில் கட்டிடுங்க.

திருச்சிற்றம்பலம்.

— உழவாரக் குழுத் தொண்டர்கள்